வகுப்பறைக்கு ஒரு கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர்: எதை வாங்குவது, எங்கே வைப்பது, எண்ணை எப்படிப் படிப்பது

பெருந்தொற்றுக் காலத்தில் எந்தப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் இரண்டு குரல் கேட்கும். உடனே மூடுங்கள் என்று ஒன்று, ஒருநாளும் மூடாதீர்கள் என்று இன்னொன்று. இரண்டு பேரும் பிள்ளைக்காகத்தான் பேசுகிறார்கள். வீட்டில் நுரையீரல் நோயோடு ஒரு தாத்தா இருந்தால், பிள்ளை வெளியே போய் வரும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குப் பயம்தான். பள்ளி மூடினால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. யுனெஸ்கோ கணக்குப்படி 2020 ஏப்ரலில் 190க்கும் அதிகமான நாடுகளில் ஏறக்குறைய 150 கோடி மாணவர்கள் பள்ளி, கல்லூரிக்கு வெளியே இருந்தார்கள். உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுதாகத் திறக்க 2022 ஜனவரி ஆகிவிட்டது. பள்ளியில் கிடைத்த ஒரு வேளைச் சாப்பாட்டை இழந்த பிள்ளைகள் மட்டும் உலகம் முழுக்க சுமார் 37 கோடி.

இந்த வாக்குவாதம் பெரும்பாலும் "பள்ளி" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டே நடக்கிறது. ஆனால் காற்றில் பரவும் நோய் அறையில் பரவுகிறது. ஒரே கட்டடத்தில் மாடி மூலை வகுப்பில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், கீழே நடுவில் மாட்டிக்கொண்ட வகுப்பில் இலை அசையாது. எந்த அறை எப்படி என்பது தெரியாமல் மூடலாமா வேண்டாமா என்று கையைத் தூக்கச் சொல்வது நியாயமில்லை. அதைத் தெரிந்துகொள்ள உள்ளங்கை அளவில் ஒரு கருவி இருக்கிறது. 2021 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்து அரசு தன் பள்ளிகளுக்கு இப்படிச் சுமார் 3 லட்சம் மீட்டர்களைக் கொடுக்கத் தொடங்கியது. சந்தையில் உள்ள மீட்டர்களில் எது தேறும், எது தேறாது, வாங்கிய பிறகு எங்கே தப்பு நடக்கிறது என்பதைத்தான் இந்த விமர்சனத்தில் பார்க்கப்போகிறோம்.

கருவி அளப்பது வைரஸை இல்லை

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. நாம் வெளியே விடும் மூச்சில் அது சுமார் 40,000 பிபிஎம். மூடிய அறையில் அளவு ஏறுகிறது என்றால், அங்கே இருப்பவர்கள் விட்ட மூச்சு வெளியே போகாமல் சேர்கிறது என்று அர்த்தம்.

கணக்கு எளிது. மீட்டர் காட்டும் எண்ணிலிருந்து 420ஐக் கழித்து, 40,000ஆல் வகுக்க வேண்டும். மீட்டரில் 1,220 என்றால் மிச்சம் 800, அது 2 சதவீதம். அந்த அறையில் ஒரு பிள்ளை இழுக்கும் 50 மூச்சில் ஒரு மூச்சு அளவுக்கு ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்த காற்று. 2,420 என்றால் 20 மூச்சில் ஒன்று. பிபிஎம் என்ற சொல்லே பிடிபடாத பெற்றோருக்கும் இது உடனே புரியும். கூட்டத்தில் இப்படியே சொல்லுங்கள்.

2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட காற்றோட்ட வழிகாட்டி, வீடு அல்லாத கட்டடங்களுக்கு ஒரு ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்கிறது. பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அந்த அளவு கிடைத்தால் மீட்டர் 800ஐ ஒட்டி நிற்கும். அதில் பாதிதான் கிடைக்கிறது என்றால் 1,200ஐத் தாண்டும். நம் அளவுகோல் இதுதான்: 800ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 1,000ஐத் தாண்டினால் ஜன்னலைப் பார், 1,400ஐத் தாண்டினால் அறையை விட்டு வெளியே போய் யோசி.

வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒரே விஷயம்

பெட்டிமேல் எத்தனை அம்சம் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. உள்ளே இருக்கும் சென்சார் எந்த வகை என்பதை மட்டும் பாருங்கள்.

என்.டி.ஐ.ஆர் என்று போட்டிருந்தால் அது அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகை. கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறு 4.26 மைக்ரான் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். விளக்கிலிருந்து கிளம்பிய ஒளியில் எவ்வளவு மறுமுனைக்கு வரவில்லை என்பதை வைத்து இந்தக் கருவி எண்ணைச் சொல்கிறது. ஃபோட்டோ அக்கூஸ்டிக் என்பது இன்னொரு வகை. அதே ஒளியை உறிஞ்சிய வாயு நொடிக்குப் பலமுறை விரிந்து சுருங்கி எழுப்பும் மெல்லிய ஒலியை இது ஒரு சிறிய மைக்கில் கேட்டு அளக்கும். சென்சிரியான் நிறுவனத்தின் எஸ்சிடி40, எஸ்சிடி41 சென்சார்கள் இந்த வகை. மலிவான பல மீட்டர்களுக்குள் இப்போது இவைதான் இருக்கின்றன. வகுப்பறை வேலைக்கு இரண்டுமே போதும்.

தவிர்க்க வேண்டியது மூன்றாவது வகை. பெட்டியில் "கார்பன் டை ஆக்ஸைடு" என்றுதான் போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பதோ ஆவியாகும் கரிமப் பொருட்களை மோப்பம் பிடிக்கும் உலோக ஆக்ஸைடு சென்சார். அந்த மோப்பத்தை வைத்து கார்பன் டை ஆக்ஸைடு இவ்வளவு இருக்கலாம் என்று ஊகித்து ஒரு எண்ணைக் காட்டும். பெருந்தொற்றுக் காலப் பள்ளியில் இதைவிட மோசமான தேர்வு இருக்க முடியாது. வாசலில் ஒவ்வொரு பிள்ளையும் சானிடைசர் தேய்த்துக்கொண்டு உள்ளே வரும். அந்த ஆல்கஹால் ஆவி பட்டதுமே இந்தக் கருவி 3,000, 4,000 என்று குதிக்கும். அறை காலியாக இருந்தாலும் குதிக்கும். அதை நம்பிக் கூட்டத்தில் பேசினால், அடுத்த முறை உண்மையான எண்ணோடு வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கையில் இருக்கும் கருவி எந்த வகை என்று தெரியவில்லையா? சானிடைசரில் நனைத்த ஒரு பஞ்சை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், கருவியின்மேல் மூச்சு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு நிமிடத்தில் எண் தாறுமாறாக ஏறினால் அது மோப்பக் கருவி. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உண்மையான சென்சார் இதற்கு அசையாது. மூச்சை ஊதிச் சோதிப்பதால் பயனில்லை, மூச்சுக்கு இரண்டு வகையுமே ஏறும்.

அரானெட் 4: எங்கள் முதல் தேர்வு

லாட்வியா நாட்டு எஸ்ஏஎஃப் டெக்னிகா நிறுவனத்தின் தயாரிப்பு. ஆய்வாளர்கள் கையிலும் பள்ளிகளிலும் பெருந்தொற்றுக் காலத்தில் அதிகம் காணப்பட்ட மீட்டர் இது என்றே சொல்லலாம். உள்ளே என்.டி.ஐ.ஆர் சென்சார். கார்பன் டை ஆக்ஸைடோடு வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் காட்டும்.

வகுப்பறைக்கு இது பொருந்துவதற்கு முதல் காரணம் மின்சார வயர் இல்லாதது. இரண்டு ஏஏ பேட்டரி போதும். வகுப்பில் பிளக் பாயின்ட் இருக்கும் இடமும் மீட்டர் இருக்க வேண்டிய இடமும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. வயர் உள்ள மீட்டரை வாங்கினால் கடைசியில் அது கதவுக்குப் பக்கத்துச் சுவிட்ச் போர்டின் கீழேதான் போய் உட்காரும், கதவுக் காற்றைத்தான் அளக்கும். இன்னொரு காரணம் மின்-மை (இ-இங்க்) திரை, அச்சிட்ட காகிதம் போலத் தெரியும் வகை. கண் கூசாது, பாடம் நடக்கும்போது மினுங்கிக் கவனத்தைக் கலைக்காது, மின்சாரமும் அதிகம் தின்னாது. ஆனால் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. விளக்கை அணைத்து ப்ரொஜெக்டரில் பாடம் நடத்தும் அறையில் எண் தெரியாது.

1, 2, 5, 10 நிமிடம் என்று அளக்கும் இடைவெளியை மாற்றலாம். வகுப்பறைக்கு 5 நிமிடம் சரி. 1 நிமிடம் வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும், பதிவு நினைவகமும் விரைவில் நிரம்பி பழைய எண்கள் அழியும். 5 நிமிட இடைவெளியில் ஒரு வாரத்துக்குக் குறையாத பதிவு உள்ளேயே இருக்கும். ப்ளூடூத் வழியாக மொபைல் செயலியில் இறக்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலை இறக்கினால் அந்த வாரத்தின் ஏற்ற இறக்கம் முழுக்கக் கோடாகக் கிடைக்கும். இந்தக் கோடுதான் கருவியின் முழுப் பயன். பார்த்த நொடியில் காட்டும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது, ஏன் என்பது கீழே வருகிறது.

1,000க்குக் கீழே பச்சை, 1,400 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு என்று அமைத்தே வருகிறது. செயலியில் மாற்றிக்கொள்ளலாம். பெருந்தொற்று நேரத்தில் பச்சையின் எல்லையை 800க்கு இறக்கிவிடச் சொல்வோம். எச்சரிக்கை ஒலியை அணைத்துவிடுங்கள். தேர்வு நேரத்தில் ஒருமுறை கீச்சிட்டால் போதும், அன்றே யாராவது அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

குறை என்றால் விலை. இந்த வகையில் இது மலிவான பொருள் இல்லை, அறைக்கு ஒன்று வாங்கப் பல பள்ளிகளால் முடியாது. எல்லா அறையையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால் இதன் ப்ரோ மாடலும் தனி பேஸ் ஸ்டேஷனும் வேண்டும், செலவு இன்னும் ஏறும். ஒரே ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு பள்ளி முழுக்க அளக்கவும் வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

அளவு திருத்தம்: எல்லாரும் சறுக்கும் இடம்

எந்த மாடல் வாங்கினாலும் முதல் வேலை வெளியே கொண்டுபோவது. வாகனப் புகையும் ஆள் கூட்டமும் இல்லாத திறந்தவெளியில், நேர் வெயில் படாமல், அரை மணி நேரம் வையுங்கள். 400க்கும் 450க்கும் நடுவே காட்டினால் சரி. 500 காட்டினால் அங்கேயே கையேட்டில் உள்ளபடி வெளிக்காற்றுத் திருத்தம் செய்யுங்கள். அது முடியும்வரை பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள், உங்கள் மூச்சையே அது வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும்.

தானியங்கித் திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மீட்டர்களில் உண்டு. ஏறத்தாழ ஒரு வாரத்தில் தான் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று வைத்துக்கொண்டு, அதை 400ஆக மாற்றிக்கொள்ளும். இரவில் அறை காலியாகிக் காற்று முழுதும் மாறிவிடும் என்பது அதன் நம்பிக்கை. இறுக்கமாகப் பூட்டிய அறையில், அல்லது விடுதி அறை போல எப்போதும் ஆள் இருக்கும் அறையில், அந்த நம்பிக்கை பொய்த்துவிடும். அங்கே கண்ட குறைந்த அளவு 650 என்று வைத்துக்கொள்வோம். கருவி அதை 400 என்று எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு காட்டும் ஒவ்வொரு எண்ணும் 250 குறைவு. உண்மையில் 1,200 இருக்கும், திரை 950 என்று பச்சை காட்டும். காற்று மோசமான அறையிலேயே கருவி அதிகம் பொய் சொல்கிறது என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். ஆகவே தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் திருத்துவதே நல்லது. அணைக்கவே முடியாத மாடலை வாங்காதீர்கள்.

மலைப்பகுதிப் பள்ளி என்றால் இன்னொன்று. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், ஒளியால் அளக்கும் சென்சார் குறைத்துக் காட்டும். அழுத்தத்தைத் தானே அளந்து சரிசெய்யும் மாடலோ, உயரத்தை உள்ளிட வசதியுள்ள மாடலோ தேவை.

எங்கே வைப்பது

உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மூக்கு உயரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டரோ சற்று மேலோ. ஜன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் தள்ளி. யாருடைய முகத்திலிருந்தும் ஒன்றரை மீட்டராவது தள்ளி. ஆசிரியர் மேசைமேல் வைப்பதுதான் வழக்கம், அதுதான் மோசமான இடம். ஆசிரியர் பேசும் மூச்சு நேராகப் படும், எண் சம்பந்தமில்லாமல் துள்ளும். பின் சுவர் அல்லது ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் உள்ள அலமாரித் தட்டின் விளிம்பு நல்ல இடம். அறைக்குள் காற்று தேங்கும் மூலை எது என்று சந்தேகம் இருந்தால், ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று மாற்றி வைத்து, இரண்டில் மோசமான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடவேளையின் எண்ணை ஏன் நம்பக்கூடாது

7 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை. கன அளவு 189 கன மீட்டர். உள்ளே ஆசிரியரோடு சேர்த்து 36 பேர். பிள்ளை ஒருவர் வினாடிக்குச் சுமார் 4 மில்லி லிட்டர் கார்பன் டை ஆக்ஸைடு விடுவதாக வைத்துக்கொண்டால், 36 பேரும் சேர்ந்து மணிக்கு அரை கன மீட்டருக்குச் சற்று அதிகம்.

இந்த அறையில் மணிக்கு ஒரே ஒரு முறைதான் காற்று மாறுகிறது, அதாவது அறையின் கன அளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒரு மணி நேரத்தில் ஒருமுறைதான் உள்ளே வருகிறது என்றால், மணி அடித்து 15 நிமிடத்தில் மீட்டர் சுமார் 1,030 காட்டும். அதே அறையில் மணிக்கு ஐந்து முறை காற்று மாறினால் 810. பார்க்க அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 45ஆவது நிமிடத்தில் முதல் அறை 1,870ஐத் தொட்டிருக்கும், இரண்டாவது அறை 955இல் நின்றுவிடும். முதல் அறையை இடைவேளை இல்லாமல் அப்படியே விட்டால் 3,000ஐத் தாண்டும்.

காற்று மாறாத அறை மெதுவாகத்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். காலையில் ஆய்வுக்கு வந்து பத்து நிமிடம் நின்று மீட்டரைப் பார்த்து "நன்றாக இருக்கிறதே" என்று எழுதிக்கொண்டு போவது இதனால்தான் வீண். பாடவேளை முடியும் ஐந்து நிமிடத்தின் எண்ணையே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் வரும் நாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

காற்று எத்தனை முறை மாறுகிறது: மாலைச் சோதனை

மீட்டரால் கிடைக்கும் மிகப் பயனுள்ள எண் இதுதான். இதை எடுக்க ஒரு ஆளும் ஒரு கடிகாரமும் போதும்.

கடைசி மணி அடிக்கும் நேரத்தில் மீட்டர் 1,620 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றைவிட 1,200 அதிகம். பிள்ளைகள் எல்லாரும் வெளியேறட்டும். ஜன்னல், கதவு, மின்விசிறி மூன்றும் பாடம் நடந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருக்க வேண்டும். கதவு சாத்தியிருந்தால் சாத்தியே இருக்கட்டும். மீட்டரை 1 நிமிட இடைவெளிக்கு மாற்றி, அறையிலேயே விட்டுவிட்டு நீங்களும் வெளியே வந்துவிடுங்கள். உள்ளே ஒருவர் இருந்தாலும் கணக்கு கெடும்.

புதுக் காற்று பழையதோடு கலந்துகொண்டே வெளியேறுவதால், காற்று ஒருமுறை மாறிய பிறகும் பழையதில் சுமார் 37 சதவீதம் மிச்சம் இருக்கும். அந்த 1,200 அதன் 37 சதவீதத்துக்கு, அதாவது 444க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்று பதிவில் பாருங்கள். 420ஐக் கூட்டினால், மீட்டர் 864ஐத் தொட்ட நேரம். 20 நிமிடம் ஆனது என்றால் 60ஐ 20ஆல் வகுத்து, மணிக்கு 3 முறை காற்று மாறுகிறது. 12 நிமிடம் என்றால் 5 முறை. ஒரு மணி நேரம் ஆனது என்றால் ஒரே முறை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 மே மாதம் அறிவித்த இலக்கு மணிக்கு 5 முறை சுத்தக் காற்று.

இதில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். துப்புரவுப் பணியாளர் நடுவில் உள்ளே வந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவார், கோடு பாதியில் செங்குத்தாக விழும். கதவில் ஒரு தாளை ஒட்டிவைத்தால் போதும். இரண்டாவது, காற்று பலமாக அடித்த ஒரே ஒரு நாளில் அளந்துவிட்டுத் திருப்திப்படுவது. ஜன்னலை நம்பும் அறையில் காற்றோட்டம் வெளிக்காற்றின் வேகத்தைப் பொறுத்தது. இலை அசையாத நாளிலும் ஒருமுறை அளக்க வேண்டும், திட்டமிட அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

எண் மோசம் என்றால்

மின்விசிறியை வேகமாக வைப்பது பதில் ஆகாது. அது உள்ளே இருக்கும் காற்றைக் கலக்கும், வெளியே தள்ளாது. வீட்டில் சுவரில் மாட்டும் ஏசி போன்றவையும் அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். ஏசி போட்டுக் கதவை இறுக்கிச் சாத்திய வகுப்பில்தான் மீட்டர் மிக வேகமாக ஏறும்.

ஒரு பக்க ஜன்னலை அகலத் திறப்பதைவிட இரு எதிர்ப்பக்கத்திலும் ஓரளவு திறப்பது பலன் தரும். எதிரில் கதவு மட்டும்தான் உண்டு என்றால் கதவின் மேலுள்ள சாளரத்தைத் திறந்து பாருங்கள். பல கட்டடங்களில் அது பெயின்ட் அடித்து ஒட்டிப்போயிருக்கும், ஒரு தச்சர் அரை நாளில் விடுவிப்பார். மேஜை விசிறியை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் அது உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சித் தள்ளும், எதிர்ப்பக்கத்திலிருந்து புதுக் காற்று தானே வரும். ஜன்னல் வலையில் தூசி படிந்திருந்தால் கழுவுங்கள், அடைத்துக்கொண்ட வலை பாதி ஜன்னலைச் சாத்தியதற்குச் சமம். ஒவ்வொன்றையும் செய்த பிறகு மாலைச் சோதனையை மறுபடி எடுங்கள். எது பலித்தது என்று அப்போதுதான் தெரியும்.

வெளியே புகையோ கடும் குளிரோ இருந்து ஜன்னலைத் திறக்க முடியாது என்றால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சுத்திகரிப்பான் நோய்த்துகளைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்ஸைடைப் பிடிக்காது. அதை ஓடவிட்ட பிறகு மீட்டரில் எண் இறங்கவில்லையே என்று அணைத்துவிடாதீர்கள். மேலே சொன்ன 189 கன மீட்டர் அறையில் ஜன்னல் வழியாக மணிக்கு 2 முறை காற்று மாறுகிறது, மணிக்கு 600 கன மீட்டர் சுத்தக் காற்று தரும் சுத்திகரிப்பான் ஓடுகிறது என்றால், துகள் கணக்கில் மொத்தம் 5 முறைக்கு மேல். ஆனால் இடைவேளை இல்லாமல் போனால் மீட்டர் 1,790 வரை ஏறிச் சிவப்பில்தான் நிற்கும். அந்த அறைக்கு மீட்டர் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

சுத்திகரிப்பான் பெட்டிமேல் போட்டிருக்கும் சுத்தக் காற்று அளவு முழு வேகத்துக்கானது. முழு வேகத்தில் அது இரைகிற இரைச்சலில் பாடம் நடத்த முடியாது, இரண்டாம் நாளே ஆசிரியர் குறைந்த வேகத்துக்கு இறக்கிவிடுவார். நடு வேகத்தில் எவ்வளவு தருகிறது என்று கேட்டு, அதற்கேற்ப எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பெரியதாக ஒன்றைவிட நடுத்தரமாக இரண்டு, எதிர்மூலைகளில். அயனி விடும் வசதி இருந்தால் அணையுங்கள், அவற்றில் சில ஓசோனையும் விடும். அமெரிக்காவில் 2020இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் இருவர் பெயரால் பரவிய பெட்டி முறையும் நன்றாக வேலை செய்யும். மெர்வ் 13 தரத்து (மெர்வ் என்பது ஃபில்டர் துகளை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கான தர எண்) ஃபில்டர் நாலை நாலு சுவராக ஒட்டி, அடியை அட்டையால் மூடி, மேலே சதுர மின்விசிறியை வெளியே ஊதும்படி வைப்பது. விசிறியின் முகத்தில் வட்ட ஓட்டை போட்ட அட்டை ஒன்றை ஒட்ட மறந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் மூலைகள் வழியாகக் காற்று திரும்ப உள்ளேயே புகும்.

மீட்டர் சொல்லாதது

பச்சை எண்ணைக் காட்டிப் "பயமே வேண்டாம்" என்று கூட்டத்தில் பேசுவோருக்கு ஒரு பதிவு. 2021 மே மாதம் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில், தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவர் நோய் அறிகுறியோடு வகுப்புக்கு வந்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். வகுப்பில் 24 பிள்ளைகள். 12 பேருக்குத் தொற்று. முன் இரண்டு வரிசையில் 10 பேரில் 8 பேர், பின்வரிசைகளில் 14 பேரில் 4 பேர். அந்த அறையில் ஜன்னல்கள் திறந்திருந்தன, ஹெப்பா சுத்திகரிப்பானும் இருந்தது. காற்றோட்டம் அறை முழுக்கச் சேரும் துகளைக் குறைக்கும். எதிரே நின்று பேசுபவரின் மூச்சு நேராக வந்து சேர்வதைத் தடுக்காது. அதற்கு நோயுற்றவர் வீட்டில் இருப்பதும், முகத்தோடு பொருந்தும் கவசமும்தான் வழி.

மறுபக்கம், காற்றோட்டத்தால் என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கும் எண் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் 169 தொடக்கப் பள்ளிகளில் 2020 நவம்பர், டிசம்பரில் எடுத்த கணக்கில், ஜன்னல், விசிறி மூலம் காற்றோட்டத்தை மட்டும் கூட்டிய பள்ளிகளில் தொற்று 35 சதவீதம் குறைவு, அதோடு ஃபில்டரும் சேர்த்த பள்ளிகளில் 48 சதவீதம் குறைவு. இத்தாலியின் மார்கே பகுதியில் 10,000க்கும் அதிகமான வகுப்பறைகளைப் பார்த்த ஆய்வில், இயந்திரக் காற்றோட்டம் இருந்த 316 அறைகளில் தொற்று வெகுவாகக் குறைந்திருந்தது. இந்தப் பள்ளிகள் வேறு விதத்திலும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

ஊரில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, மருத்துவமனையில் படுக்கை இருக்கிறதா, வந்திருக்கும் கிருமி பிள்ளைகளை எவ்வளவு தாக்கும் என்பதெல்லாம் மீட்டரில் வராது. மூடுவது பற்றிய முடிவில் அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானிக்கும், மேசைக்கு மேசை நிறுத்தும் பிளாஸ்டிக் தடுப்புக்கும், மாலை தோறும் அடிக்கும் கிருமிநாசினிப் புகைக்கும் போகும் பணத்தை முதலில் இங்கே திருப்பலாம். அறிகுறி வருமுன்பே பரப்பும் பிள்ளையை வெப்பமானி பிடிக்காது. கொரோனா விஷயத்தில் பரப்புகளைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது.

ஒரே மீட்டர், இருபது அறை

ஒரு அறைக்கு இரண்டு நாள். திங்கள், செவ்வாய் ஒன்று, புதன், வியாழன் ஒன்று, வெள்ளிக்கிழமை பதிவை இறக்கிப் பேட்டரி பார்க்க. வாரத்துக்கு இரண்டு அறை, பத்து வாரத்தில் இருபது அறை முடியும். அவசரம் என்றால் ஜன்னல் குறைந்த அறைகளையும் கூட்டம் அதிகமுள்ள அறைகளையும் முதலில் எடுங்கள், ஆசிரியர் ஓய்வறையை மறந்துவிடாதீர்கள். சின்ன அறை, கவசத்தைக் கழற்றிச் சாப்பிடும் இடம், அங்கே யாரும் அளப்பதே இல்லை.

அறைக்கு ஒரு தாள். அதில் அறை எண், ஆள் எண்ணிக்கை, எந்த ஜன்னல்கள் திறந்திருந்தன, பாடவேளை முடிவில் வந்த மிக அதிக எண், மாலைச் சோதனையில் வந்த காற்று மாறும் எண்ணிக்கை, சுத்திகரிப்பான் இருந்தால் எந்த வேகத்தில் ஓடியது. கடைசியாக மீட்டரை வெளிக்காற்றில் சோதித்த தேதியையும் எழுதுங்கள், கூட்டத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தேறாத அறையின் பிள்ளைகளைத் தேறிய அறைக்கோ மரத்தடிக்கோ மாற்றிவிட்டு, மற்ற அறைகள் நடக்கலாமா என்று அந்தத் தாள்களை மேசைமேல் பரப்பிவைத்துக்கொண்டு பேசத் தொடங்கலாம்.